கணிப்பொறியின் கணக்கும் மனிதனின் தீர்மானமும்

(கீழ்பென்னாத்தூரில் நிகழ்ந்த விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்த கீழ்பென்னாத்தூர், உழவும் வணிகமும் ஒன்றையொன்று சார்ந்து வாழும் ஊர். ஏரிப் பாசனத்தில் விளையும் நெல்லும், மானாவாரியில் விளையும் மணிலாவும் இவ்வட்டாரத்தின் இரு கண்கள். இங்குள்ள பல குடும்பங்களில் ஒரு தலைமுறை நிலத்தையும் கடையையும் ஆலையையும் கவனிக்க, அடுத்த தலைமுறை சென்னையிலும் பெங்களூருவிலும் கணிப்பொறியின் முன் அமர்ந்து பணிபுரிகிறது. தந்தை கடனுக்கு விண்ணப்பிக்கும் வங்கியின் மென்பொருளை மகளே எழுதிக்கொண்டிருக்கவும் கூடும். எனவே வணிக நிர்வாகத்தில் கணிப்பொறியின் இடம் என்ன, மனிதனின் இடம் என்ன என்னும் வினா பல்கலைக்கழக மண்டபத்துக்கு மட்டும் உரியதன்று; வீட்டுத் திண்ணைக்கும் உரியது.

கணக்கிடும் வேலையைப் பொறி ஏற்றுக்கொண்டுவிட்டது. அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் தீர்மானிக்கும் வேலை யாருடையது? தீர்மானம் தவறினால் அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யார்? இவ்விரண்டு வினாக்களே இவ்வுரையின் பொருள்.

அறிதலின் நான்கு படிகள்

தீர்மானம் என்பது ஒரே அடியில் நிகழ்வதன்று. மதி ஞானம் நான்கு படிகளாக நிகழ்வதை உமாஸ்வாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் முதல் அத்தியாயத்திலேயே வகுத்துரைக்கிறது. அவை அவக்கிரகம், ஈஹா, அவாயம், தாரணை என்பன. பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு மிக எளியது. தொலைவில் வெண்மையான ஒன்று தென்படுகிறது; அது அவக்கிரகம். அது கொக்கா, கொடியா என ஆராய முற்படுவது ஈஹா. மேலெழுவதையும் கீழிறங்குவதையும் சிறகடிப்பதையும் கண்டு, கொக்கே எனத் துணிவது அவாயம். துணிந்ததை மறவாமல் நெஞ்சில் நிறுத்துவது தாரணை.

இந்நான்கையும் இன்றைய வணிக நிர்வாகத்தோடு பொருத்திப் பார்க்கலாம். தரவுகளைத் திரட்டுவதில் கணிப்பொறிக்கு இணை இல்லை. நினைவில் வைத்திருப்பதிலும் மனிதன் அதனோடு போட்டியிட இயலாது. முதற்படியும் நான்காம் படியும் பெரிதும் பொறியின் கைக்குப் போய்விட்டன என்றே கொள்ளலாம். கவலைக்குரியது இரண்டாம் படி. ‘இது கொக்கா, கொடியா?’ என்று ஐயுற்று ஆராயும் அந்த இடைப்படியைத் தாண்டிக் குதித்து, கண்டதிலிருந்து நேரே துணிபுக்குச் செல்லும் பழக்கம் நிறுவனங்களில் பெருகிவருகிறது. ஈஹா இல்லாத அவாயம், எவ்வளவு விரைவாக நிகழ்ந்தாலும், அறிவாகாது, அவசரமே ஆகும்.

விற்பனைக்கூடத்தில் ஒரு கைப்பிடி மணிலா

இடைப்படி இன்னும் உயிரோடு இருக்கும் இடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசிய காலத்தில், உழவர்க்குத் தம் பொருளின் விலை எவ்வாறு முடிவாயிற்று என்பதே தெரியாது. அந்நிலையை மாற்றவே 1933இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1936இல் திருப்பூரில் பருத்திக்கென முதல் ஒழுங்குமுறைச் சந்தை அமைந்தது. பின்னர்த் தமிழகமெங்கும் அவை பரவின. வணிகர் ஒவ்வொருவரும் பிறர் அறியாமல் தம் விலையைக் குறித்துக் கொடுக்க, மிகுந்த விலை கேட்டவருக்குப் பொருள் செல்லும் மறைமுக ஏலமே அங்கு வழக்கம்.

2016 ஏப்ரல் 14 அன்று மின்னணு தேசிய வேளாண் சந்தை தொடங்கப்பட்டது. இ-நாம் என வழங்கும் இத்திட்டத்தில் 2020 மே மாதத்துக்குள் நாடெங்கும் 1000 சந்தைகள் இணைந்தன. இதில் சேர்ந்த கூடங்களில் சீட்டில் எழுதிய விலை இப்போது கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ பதிவாகிறது. ஒப்பிட்டு உயர்ந்த விலையைக் காட்டுவது மென்பொருள். எழுத்துப் பிழைக்கும், சீட்டை மாற்றிவைத்தார்கள் என்னும் ஐயத்துக்கும் இடம் குறைந்தது. இது பெரிய நன்மை.

ஆயினும் திரையில் ஒரு விலையைப் பதிவதற்கு முன் வணிகர் செய்வது என்ன? குவியலின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மணிலாவை அள்ளுகிறார். காதருகே குலுக்கிப் பார்க்கிறார். சிலவற்றை உடைத்துப் பருப்பின் திரட்சியை நோக்குகிறார். தோலுக்கும் பருப்புக்கும் உள்ள எடை விகிதத்தைக் கணிக்கிறார். ஈரம் மிகுந்து பூசணம் பிடிக்கும் நிலையில் உள்ளதா என முகர்கிறார். இதுவே ஈஹா. மறுபுறம், மிகுந்த விலையெனப் பொறி அறிவித்த பிறகும், அது கட்டுப்படியாகாது எனக் கருதினால் விற்க மறுக்கும் உரிமை உழவருக்கு உண்டு. பொருளைக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வழியும் உண்டு. ஆக, கணக்குக்கு முன்னும் மனிதன் ஆராய்கிறான். கணக்குக்குப் பின்னும் மனிதன் சம்மதிக்கிறான். நடுவில் இருக்கும் பொறி, அதற்குரிய இடத்தில் இருக்கிறது. கணிப்பொறி துணைசெய்யும் தீர்மானம் என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருள் வேண்டுவதில்லை.

எல்லைக்கோட்டை வகுப்பவர் யார்?

இம்மாவட்டத்தின் அரிசி ஆலைகளுள் நுழைந்தால் இன்னொரு பாடம் கிடைக்கும். நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் பொறியை ஆலைக்காரர்கள் சார்டெக்ஸ் என்றே அழைப்பர். சரிவான பாதையில் அரிசி வழிந்து இறங்கும்போது ஒளிப்படக் கருவிகள் ஒவ்வொரு மணியையும் நோக்குகின்றன. கருத்ததும் பழுத்ததும் தென்பட்ட நொடியிலேயே ஒரு காற்றுத் தாரை அதனைத் தனியே தள்ளிவிடுகிறது. முறங்கொண்டு புடைத்தும் கையால் பொறுக்கியும் பலர் நாள் முழுவதும் செய்த வேலையைப் பொறி இடைவிடாமல் செய்து முடிக்கிறது.

ஆனால் எந்த அளவுக்குக் கருத்தால் அது கழிக்கத் தக்கது என்பதை அப்பொறி தானே அறியாது. அதன் நுண்ணுணர்வு அளவைக் கூட்டினால் நல்லரிசியும் கழிவோடு போகும். குறைத்தால் கருப்பரிசி நல்லதோடு கலந்து வரும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதை நெல்லின் இனம், பருவம், வாங்குவோரின் தேவை, விலை ஆகியவற்றைக் கருதி முடிவு செய்பவர் பொறியின் அருகே நிற்கும் மனிதர். அவர் அவ்வப்போது கழிவு விழும் பக்கம் சென்று ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறார். நல்ல மணிகள் மிகுதியாகக் கிடந்தால் அளவை மாற்றுகிறார். பொறி தேர்ந்தெடுத்ததை எல்லோரும் பார்ப்பர். பொறி தள்ளியதைப் பார்ப்பவரே தேர்ந்த நிர்வாகி.

அரசின் நேரடி நெல் கொள்முதலிலும் இதுவே உண்மை. ஈரப்பதம் 17 விழுக்காட்டைக் கடக்கலாகாது என்பது பொது விதி. அளக்கும் கருவி எண்ணைச் சொல்லிவிடும். ஆனால் அறுவடைக் காலத்தில் மழை கொட்டிய ஆண்டுகளில் ஒன்றிய அரசின் குழுக்கள் நேரில் வந்து மாதிரி எடுத்துச் சென்று, வரம்பைத் தளர்த்த வழிசெய்துள்ளன. கருவி பொய் சொல்லவில்லை. எனினும் அவ்வெண்ணை வைத்து என்ன செய்வது என்பதை நிலத்தையும் வானத்தையும் பார்த்த மனிதர்கள்தாம் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

எல்லைக்கோட்டை வகுப்பவர் மனிதரே என்பதால் அறத்தின் பொறுப்பும் அங்கேயே தங்குகிறது. கள்ளாமை அணுவிரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களுள், குறைந்த அளவையால் கொடுத்து மிகுந்த அளவையால் வாங்குவதும் ஒன்று. முன்னாளில் அது தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டிவைப்பதாக இருந்தது. இந்நாளில் மென்பொருளின் எல்லைக்கோட்டைத் தமக்குச் சாதகமாகச் சாய்த்து வைப்பதும் அதுவே. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அது வேறொன்றாகிவிடாது.

மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர்

அடுத்து வங்கிக்குச் செல்வோர் காணும் நிலை. இந்திய வங்கிகளில் கணிப்பொறி நுழைய வழிவகுத்தவை, அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையில் 1980களில் அமைந்த குழுக்கள். வேலை பறிபோகும் என ஊழியர்கள் அஞ்சிய காலம் அது. பேரேடுகளின் இடத்தைப் பொறிகள் பிடித்தன; பிறகு, கடன் கேட்பவரை அறியும் வேலையும் மெல்ல மெல்லப் பொறிக்கு மாறிற்று. 2000இல் சிபில் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. இன்று 300 முதல் 900 வரையிலான ஒரு மதிப்பெண், கடன் கேட்பவர் வங்கியின் படியேறுவதற்கு முன்பே அங்குப் போய் அமர்ந்துவிடுகிறது.

இதிலும் நன்மை உண்டு. சாதியையோ, சிபாரிசையோ, ஆடையையோ பாராமல், வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்தினாரா என்பதையே அம்மதிப்பெண் பெரிதும் பார்க்கிறது. மேலாளரின் முகஸ்துதிக்கு ஏங்கி நின்ற ஏழை வணிகர்க்கு இது ஒரு விடுதலை. ஆனால் கடனே வாங்காமல் சிக்கனமாக வாழ்ந்த குடும்பத்துக்கு மதிப்பெண்ணே இல்லை. மழை பொய்த்த ஓராண்டில் தவணை தவறியவரும், வேண்டுமென்றே ஏமாற்றியவரும் எண்ணின் பார்வையில் அருகருகே நிற்க நேர்கிறது. ஒரே பெயருடைய இருவரின் கணக்குகள் குழம்புவதும், முடித்த கடன் முடியாததாகவே பதிவில் நிற்பதும் உண்டு. அப்போது கிளையில் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: ‘சிஸ்டம் ஏற்கவில்லை.’

இவ்விரண்டு சொற்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதை ஒழுங்குமுறை அமைப்பும் உணர்ந்திருக்கிறது. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை கடன் கேட்பவரை மறுக்கலாகாது என ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. பதிவில் உள்ள பிழை குறித்த முறையீட்டை 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்னும் விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஆண்டுக்கு ஒரு முறை கட்டணமின்றித் தம் கடன் அறிக்கையைப் பெறும் உரிமையும் ஒவ்வொருவருக்கும் உண்டு. குடும்பத்தில் கணிப்பொறி அறிந்த இளையோர், பெரியோர்க்கு இதனைப் பெற்றுத் தந்து படித்துக்காட்டுவது நல்ல தொண்டாகும்.

இங்கிலாந்து அஞ்சலகங்களில் நிகழ்ந்தது

இடைப்படியை முற்றிலும் இழந்த ஒரு நிறுவனம் எங்கே சென்று நிற்கும் என்பதற்கு இங்கிலாந்தின் அஞ்சல் துறை உலகறிந்த சான்று. 1999இல் அங்குக் கிளை அஞ்சலகங்களின் கணக்குகளுக்காக ஹொரைசன் என்னும் கணிப்பொறி அமைப்பு புகுத்தப்பட்டது. அதனை வழங்கியது ஃபுஜிட்சு நிறுவனம். கிளை அஞ்சலகங்களை நடத்தியோர் பெரும்பாலும் சிற்றூர்களில் கடை வைத்திருந்த சிறு வணிகர்கள். இந்திய வம்சாவளியினரும் அவர்களுள் பலர். கணக்கில் குறையும் பணத்துக்கு அவர்களே பொறுப்பு என ஒப்பந்தம் கூறியது.

புதிய அமைப்பு வந்தபின், இல்லாத பற்றாக்குறைகளைத் திரை காட்டலாயிற்று. பலர் தம் சேமிப்பிலிருந்தும் உறவினரிடம் கடன் பெற்றும் அத்தொகையைக் கட்டினர். உதவி கேட்டு அழைத்தோரிடம், இவ்வாறான குறை வேறெவருக்கும் இல்லை எனச் சொல்லப்பட்டது. உண்மையில் நாடெங்கும் பலர் அதே குறையைச் சொல்லிக்கொண்டிருந்தனர். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மீது வழக்குத் தொடுத்தது அஞ்சல் நிறுவனமே. இந்திய வம்சாவளிப் பெண்மணி ஒருவர் 2010இல் கருவுற்றிருந்த நிலையிலேயே சிறைக்கு அனுப்பப்பட்டார். கணிப்பொறி முறையாகவே இயங்கியது எனத் தொடக்கத்தில் கொள்ளலாம் என்ற அனுமானம் அந்நாட்டுச் சட்டத்திலேயே இருந்ததால், பிழையை மெய்ப்பிக்கும் சுமை எளிய வணிகர்களின் தலைமேல் விழுந்தது.

555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், அந்த அமைப்பில் பிழைகளும் குறைபாடுகளும் இருந்தன என 2019 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிளையை நடத்துபவர் அறியாமலேயே அவரது கணக்கைத் தொலைவிலிருந்து மாற்ற இயலும் என்பதும் வெளிப்பட்டது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. 2024 மே மாதம் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றி எஞ்சியோர் பலரையும் விடுவித்தது. அதற்குள் கடைகள் மூடப்பட்டிருந்தன, வீடுகள் விற்கப்பட்டிருந்தன, களங்கம் நீங்குவதற்கு முன்பே சிலர் இறந்துவிட்டிருந்தனர்.

இதில் பொறியின் பிழை சிறியது. எந்த மென்பொருளிலும் பிழை இருக்கும். பெரிய பிழை நிர்வாகத்துடையது. பல்லாண்டு நேர்மையாக வாழ்ந்த இத்தனை பேர் ஒரே காலத்தில் திடீரெனத் திருடர்களாக மாறுவார்களா என்னும் ஒரு வினா போதுமாக இருந்தது. அந்த வினாவை எழுப்ப அறிவு மிகுதியாக வேண்டியதில்லை, மனம் வேண்டும். வெண்மையைக் கண்டார்கள், கொடி என்று துணிந்தார்கள், சிறகடிக்கிறதா எனப் பார்க்க எவரும் நிற்கவில்லை.

மனிதன் மட்டும் போதுமா?

இவ்வளவும் கேட்டபின், பொறியை விலக்கிவிட்டுப் பழைய அனுபவத்தையே நம்பலாமே எனச் சிலர் கருதக்கூடும். அதுவும் ஒருபக்கப் பார்வையே. 1954இல் உளவியல் அறிஞர் பால் மீல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நிபுணரின் கணிப்பையும் எளிய புள்ளிவிவர முறையையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி, பெரும்பாலான இடங்களில் புள்ளிவிவர முறை நிபுணருக்குச் சமமாகவோ மேலாகவோ அமைந்தது எனக் காட்டினார். மனிதனுக்குப் பசி, களைப்பு, கோபம், உறவு, பகை ஆகிய அனைத்தும் தடை. நிர்வாக இயல் அறிஞரும் 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவருமான ஹெர்பர்ட் சைமன், மனிதப் பகுத்தறிவு எப்போதும் ஒரு வரம்புக்கு உட்பட்டதே என விளக்கினார். எல்லா வழிகளையும் ஆராய்ந்து சிறந்ததைத் தேர்வதில்லை மனிதன். போதுமானது கிடைத்தவுடன் நின்றுவிடுகிறான்.

பொறியும் மனிதர் விட்டுச்சென்ற தடத்திலேயே நடப்பது. அமேசான் நிறுவனம் வேலைக்கு ஆள் தேர்வதற்காக உருவாக்கிய ஒரு மென்பொருள், முந்தைய ஆண்டுகளின் விண்ணப்பங்களிலிருந்து கற்றுக்கொண்டதால் பெண்களைத் தாழ்த்தி மதிப்பிட்டது. அதனைக் கைவிட்ட செய்தி 2018இல் வெளியாயிற்று. மனிதரின் பழைய ஒருதலைப்பட்சமே அங்குப் பொறியின் புதிய விதியாயிற்று. எனவே மனிதனா, பொறியா எனக் கட்சி கட்டுவதில் பயனில்லை. ஒவ்வொன்றும் ஒரு நயம்; ஒரு கோணத்திலிருந்து மெய்யின் ஒரு பகுதியைக் காட்டுவது. ஒரு நயத்தையே முழு மெய்யெனக் கொள்வதுதான் பிழை.

நிர்வாகத்துக்கு உரிய நடைமுறைகள்

சிறு கடையாயினும் பெரு நிறுவனமாயினும் கைக்கொள்ளத் தக்கவை சில உண்டு.

முதலாவது, பொறியின் பரிந்துரையையும் மனிதரின் முடிவையும் தனித்தனியே பதிந்து வைத்தல். இரண்டும் மாறுபட்ட இடங்களை ஆண்டுக்கு ஒரு முறையேனும் எடுத்துப் பார்த்தால், எங்கே பொறி சரி, எங்கே மனிதர் சரி என்பது விளங்கும். தன் அனுபவத்தின் மீது வைத்த நம்பிக்கையையும் இது சோதிக்கும்.

இரண்டாவது, பொறிக்கு மாறாக முடிவெடுக்கும் ஊழியரைத் தண்டியாமை. பொறியோடு உடன்பட்டுத் தவறினால் குற்றமில்லை, மாறுபட்டுத் தவறினால் வேலை போகும் என்ற நிலையிருந்தால், எவரும் வாய் திறவார். அங்கு மேற்பார்வை என்பது பெயரளவிலேயே இருக்கும்.

மூன்றாவது, தள்ளப்பட்டவற்றைப் பார்த்தல். மறுக்கப்பட்ட கடன், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம், திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு ஆகியவற்றுள் சிலவற்றையேனும் நாள்தோறும் ஒருவர் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். ஆலைக்காரர் கழிவரிசியை அள்ளிப் பார்ப்பது போன்றதே இது.

நான்காவது, ஒரே முறையீடு பல இடங்களிலிருந்து வருமானால், முதலில் பொறியை ஐயுறுதல். ஒருவர் பொய் சொல்லலாம்; ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே பொய்யைச் சொல்வது அரிது.

ஐந்தாவது, பாதிக்கப்பட்டவருக்குக் காரணத்தை அவர் மொழியில் சொல்லி, மேல்முறையீடு செய்யப் பெயர் சொல்லத்தக்க ஒரு மனிதரைக் காட்டுதல். ‘சிஸ்டம் ஏற்கவில்லை’ என்பது காரணமாகாது. ஏற்காதபடி அமைத்தவர் ஒருவர் இருக்கிறார். அதனைப் பயன்படுத்துவோம் என முடிவு செய்தவர் இன்னொருவர் இருக்கிறார். பொறிக்கு வினைப்பயன் இல்லை. வினை செய்தவருக்கே அது உண்டு.

இளைஞர்களுக்கு ஒரு சொல். மென்பொருள் எழுதும் கைகள் பல இக்குடும்பங்களில் உள்ளன. அவர்கள் எழுதும் ஒவ்வொரு நிபந்தனையின் மறுமுனையிலும் மணிலா மூட்டையோடு ஓர் உழவரோ, கடன் விண்ணப்பத்தோடு ஒரு கடைக்காரரோ நிற்கிறார் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். ‘இம்முடிவு தவறாயின், அதைச் சொல்ல அவருக்கு வழி இருக்கிறதா?’ என்னும் வினாவைப் பணி முடியுமுன் ஒரு முறை கேட்டாலே பல துன்பங்கள் தவிர்க்கப்படும். பெரியோர்களுக்கும் ஒரு சொல். பொறி காட்டும் கணக்கைக் கண்டு அஞ்சவும் வேண்டாம்; அதனை இகழவும் வேண்டாம். காரணம் கேளுங்கள். கேட்பது உரிமை.

கணக்கைப் பொறி விரைவாகச் செய்யட்டும். அதனால் மிச்சமாகும் நேரம், ஒரு பிடி அள்ளிப் பார்ப்பதற்கும், முறையிட வந்தவரை உட்காரவைத்துக் கேட்பதற்கும் பயன்படுமானால், அதுவே வணிகத்துக்கும் அறத்துக்கும் ஒருங்கே ஆக்கம் தரும்.